வகுத்தல்

ஆறு ஆள், இரண்டு நாள்,
நானூற்று எண்பது பவுண்டு.
மண் சமன்செய்ய, புல்விரிப்புப் போட, குப்பை அள்ள,
எல்லாம் சேர்த்து.
மற்றவர்கள் ஆயிரத்து நானூறு கேட்ட வேலை.
தொலைபேசியிலேயே சரி என்றேன்.
மலிவு கிடைத்த மகிழ்ச்சியில்
தேநீரில் இரண்டாம் முறை சர்க்கரை போட்டதுகூட நினைவிருக்கிறது.

ஹெரிஃபோர்டில் என்னுடையது சின்னத் தோட்டத்தொழில்.
ஒரு வேன், இரண்டு புல்வெட்டி,
கெதின் என்றொரு பையன்,
முதுகுவலி என்றொரு பங்குதாரர்.
செடிகளின் லத்தீன் பெயர்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
அந்த நவம்பர்க் காலையில் வந்திறங்கிய
ஆறு பேரில் ஒருவர் பெயரும் தெரியாது.
கேட்கத் தோன்றவும் இல்லை, பத்து மணிவரை.

பத்து மணிக்கு
உறைபனி இளகாத புல்சுருளைத்
தோளில் சுமந்து வந்தவன் காலில்
துணிச்செருப்பு.
கையுறை இல்லை. விரல்கள் நீலம் பாரித்திருந்தன.
"உன் பேர் என்ன?" என்றேன்.
வேனுக்குள் சூடாக உட்கார்ந்திருந்த டேரன் ஹாக்லி
கண்ணாடியை இறக்கி,
"ஜோ. எல்லாரையுமே ஜோன்னு கூப்பிடுங்க" என்றான்.
சிரித்தான். நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

மதியம், டேரன் சிகரெட் வாங்கப் போன ஏழு நிமிடம்.
கையுறைகளை நீட்டினேன்.
வாங்காமல்
வேலியோரச் சைகமோர் மரத்தைத் தட்டினான்.
பிறகு தன் மார்பைத் தட்டினான்.
"யாவோர்."
மரம். மார்பு. மறுபடி மரம்.
அவன் பேச்சில் அந்த மரத்துக்கு அதுதான் பெயர் போலும்.
"பாஸ்போர்ட்?" என்றேன் மெல்ல.
டேரன் போன தெருவைப் பார்த்தான்.

இரவு, கணக்கு நோட்டு.
நானூற்று எண்பதை ஆறால் வகுத்தேன், பிறகு இரண்டால்.
நாற்பது.
பத்து மணி நேர வேலை; மணிக்கு நான்கு.
டீசல் போக, டேரனின் பங்கு போக,
படுக்கைக்கென்று அவன் பிடித்துக்கொள்வது போக
மீதி
என்று எழுதி நிறுத்தினேன்.
விதி வகுத்தது என்பார்கள்.
இது நான் வகுத்தது,
ஒரு செவ்வாய்க்கிழமை, பால்பாயின்ட் பேனாவால்,
வேலை பாதி முடிந்த பிறகு.
மூன்றாம் வகுப்புக் கணக்குதான்.
சரி என்று சொல்லுமுன்னே போட்டிருக்கலாம்.

உதவி எண்ணில் ஒரு பெண்குரல்.
எத்தனை பேர், யார் பேசுகிறார், யார் பேசுவதே இல்லை,
வேன் எண் என்ன.
ரசீதுக்காகக் குறித்துவைத்திருந்தேன்.
"நீங்களாக இனி எதுவும் விசாரிக்காதீர்கள்,
அவர்களுக்கு ஆபத்து."
மறுநாள் அந்த வேன் வரவில்லை.
மீதிப் புல்லை நானும் கெதினும் விரித்தோம்.
போலீஸ் முந்தியதா, டேரன் முந்தினானா?
மூன்று முறை அழைத்தேன்.
"சொல்ல இயலாது, மன்னிக்கவும்."

ஏப்ரலில் புல் நன்றாகப் பிடித்திருந்தது.
வீட்டுக்காரர் இருபது பவுண்டு சேர்த்துக் கொடுத்தார்.
விளிம்பில் ஒரு சைகமோர் கன்று, விரல் உயரம்.
களை. பிடுங்கத்தான் எனக்குக் கூலி.
பிடுங்கினேன்.
இப்போது அது வேனின் முன்கண்ணாடியருகே
தயிர்க் கோப்பையில் இருக்கிறது. பிழைக்குமா தெரியாது.

அடுத்த வேலைக்குக் கல் வேண்டும்.
மணற்கல் பாளம். கடல் கடந்து வருவது
உள்ளூர்ச் செங்கல்லைவிட மலிவு.
ஒரு கல்லின் விலையிலிருந்து
கடை, லாரி, துறைமுகம், கப்பல் எல்லாம் கழித்தேன்.
உளி பிடித்த கைக்கு மிஞ்சியதைப் பார்த்தால்
அது மிகச் சின்னக் கையாக இருக்கவேண்டும்.

எந்தக் குவாரி என்று வியாபாரிக்கு எழுதினேன்.
"எங்கள் கற்கள் அனைத்தும் நேர்மையானவை."
கல் நேர்மையாகத்தான் இருக்கும்.
நான் கல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

இது மூன்றாம் கடிதம்.
கோடைக்குள் நடைபாதை முடியாவிட்டால்
வேறு ஆளைப் பார்ப்பதாக வாடிக்கையாளர் சொல்லிவிட்டார்.
எழுதுகிறேன்:
குவாரி எங்கே இருக்கிறது,
கூலி எவ்வளவு, யார் கையில் தருகிறீர்கள்,
அங்கே கல் உடைக்கும் ஒருவரின் பெயராவது.

ஜோ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.