எடைமேடையில் சக்கை

அக்டோபர் முழுக்க எனக்குச்
சக்கையை நிறுக்கும் வேலை.
குரூயெத்ஸின் சாறு ஆலைகளிலிருந்து
ஈரம் சொட்டச் சொட்ட வரும் லாரிகள்,
அவற்றின் பின்னால், சீட்டு வாங்காமல், குளவிகள்.

வீத்தோல்ட் பதினெட்டு வருடமாக இதைத்தான் ஓட்டுகிறான்.
சாறு வார்சா கடைகளுக்குப் போய்விடும்
கண்ணாடிப் போத்தலில், சிரிக்கும் குழந்தைப் படத்தோடு.
தோலும் விதையும் நடுத்தண்டும் எங்களுக்கு.
உலர்த்தி, ஊறவைத்து, வடித்து, வெண்மாவாக்கி,
பெக்டின் என்று பெயர் ஒட்டி அனுப்புவோம்,
எங்கோ யாருடைய ஜாமோ உறைவதற்கு.

போன வெள்ளி, சன்னல் வழியாக
எடைச்சீட்டுக்குப் பதில் வேறு காகிதம் நீட்டினான்.
இரத்தப் பரிசோதனை.
கொழுப்பு இருநூற்று அறுபத்தொன்று.
"டாக்டரம்மா என்ன சொன்னார் தெரியுமா?
ஆப்பிள் தின்னு. தோலோடு."
சிரித்தான். பாதியில் நின்றுபோனது.
அவன் முதுகுக்குப் பின்னால் இருபத்திரண்டு டன்
ஆவி பறக்கக் காத்திருந்தது.

ஆய்வகத்து தனுத்தா தேநீர் வேளையில் சொன்னதை
அவனிடம் ஒப்பித்தேன்:
தண்ணீரில் கரையும் நார் இது.
கரையும், காணாமல் போகாது.
குடலில் கூழாகிக் குந்திக்கொள்ளும்,
கிளம்பும்போது பித்தநீரையும் கையோடு இழுத்துப் போகும்.
ஈரல் என்ன செய்யும், பாவம்,
புதுப் பித்தம் காய்ச்ச
இரத்தத்துக் கொழுப்பில் கைவைக்கும்.

"அப்படியென்றால் நான் இத்தனை நாள்…"
ஒரு குளவி மீசைக்கு அருகே வந்தது.
அவன் முடிக்கவில்லை.

சுமையை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தவன்
வெறும் மேடையில் ஏறி நின்றான், பூட்ஸோடு.
நூறு, என்றது திரை.
இறங்கி, பையிலிருந்து ஐந்து ஆப்பிளை எடுத்து
மேடை நடுவில் குவித்தான்.
சுழியம்.
"இருபது கிலோவுக்குக் கீழே
இதற்கு எதுவும் தெரியாது" என்றேன்.

"யாத்விகா எனக்குத் தோல் சீவித்தான் தருவாள்.
சீவியது முயல்களுக்கு."
ஒரு பழத்தைச் சட்டையில் துடைத்தான்.
"முயல் எதுவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு
விழுந்து நான் பார்த்ததில்லை."

கடித்தான். தோல் கிழியும் சத்தம்
கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டது.
விதையைக்கூடத் துப்பவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன்,
அடுத்த லாரி ஹாரன் அடித்தது.

சன்னல் விளிம்பில் காம்பை மட்டும் வைத்துவிட்டுப் போனான்.
சரக்கின் பெயர் எழுதும் கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு 'சக்கை' என்றே எழுதினேன்.
படிவத்தில் வேறு சொல்லுக்கு இடமில்லை.