மேல்மாடிக்கு விட்ட கம்பி

ஏகாம்பரகுப்பத்தில் கரண்ட் போன
இருபது நிமிஷத்தில் எடுத்த படம்.
தறிகள் நின்ற பிறகும்
கத்தியே பேசிக்கொண்டிருந்தோம்
நானும் தேசம்மாளும்.
ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்துக்குத்தான் போதும்.
மீதியை இருட்டு எடுத்துக்கொண்டது,
கேட்காமல்.

பன்னிரண்டுக்குப் பதினெட்டு, மேட் காகிதம்.
அடியில் தெர்மாகோல்.
என் பையனின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து காம்பஸ்.
துணியில் தப்பாகக் குத்தினால்
நகத்தால் நீவினால் மூடிக்கொள்ளும்.
காகிதத்தில் ஓட்டை ஓட்டைதான்.
காதுக்குக் கீழே ஒன்று அப்படி ஆகிவிட்டது.
கம்மல் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தறிக் கொட்டகையின் ரம்பப்பல் கூரையை
அவள் கழுத்துக்குக் காலராக
ஸ்கேல் வைத்து வரைந்தும் விட்டிருந்தேன்.
பார்த்தாள்.
"நாளெல்லாம் அதுக்குக் கீழதான் நிக்கிறேன்.
கழுத்துலயும் அதையே மாட்டணுமா?
என் வூட்டப் போடு."

போய்ப் பார்த்தேன்.
ஒரே தளம். பூசாத செங்கல்.
மொட்டைமாடியில் மூலைக்கு நாலு கம்பி
வானத்தைப் பார்த்துக்கொண்டு,
முனைகளில் கவிழ்த்த சோடா பாட்டில்.
இரண்டுக்கு நடுவே கொடி கட்டி
யூனிஃபார்ம் காய்கிறது.
லோன் வந்தால் மேலே இரண்டு ரூம்.
ஆறு வருஷமாக வந்துகொண்டிருக்கிறது லோன்.
புத்தூர் வரைக்கும் வந்தாச்சாம்.

ஆகவே தோள்கள்.
நாற்பதாம் நம்பர் நூல், செங்காவி, நாலு இழை சேர்த்து.
ஃபேஷன் பத்திரிகையில் தோளைத் தூக்கித் தைப்பார்களே,
அது மாதிரி. ஆனால் பஞ்சு வைக்காமல்
எலும்பிலிருந்தே கிளம்பினாற்போல
இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு.
இடுப்பில் செங்கல் வரிசை,
மூட்டு மேல் மூட்டு விழாமல்.
முந்தானை மடிப்பில் படிக்கட்டு,
அது திரும்புகிற இடம் அவள் முழங்கை.
முகத்தில் ஒரு தையலும் இல்லை.

முடிச்சுப் போடப் போனபோது கையைப் பிடித்தாள்.
"போடாத. அப்படியே விடு.
மேல எடுக்கணும் இல்ல?"

எட்டு நூலும்
காகிதத்தைத் தாண்டி ஒரு சாண்.

புத்தூர் ஃப்ரேம் கடையில் கிஷ்டய்யா
கத்தரியைத் திறந்துகொண்டே கேட்டார்:
"கட் சேயனாம்மா?"
"வத்து" என்றோம் இரண்டு பேரும்,
தறி ஓடும்போது கத்துகிற குரலில்.

கண்ணாடி போடாமல் வாங்கி வந்தோம்.
திரும்பி வரும் பஸ்ஸில் படத்தை
மடியில் நிற்க வைத்திருந்தாள்.
ஜன்னல் காற்றில் கம்பிகள் எட்டும்
முன்சீட்டுக்காரரின் பிடரியில் பட்டுப் பட்டு மீள,
அவர் நகரி வரும்வரை
கொசு அடித்துக்கொண்டே வந்தார்.