குண்டெழுத்து

முதலில் 'ட' ஒத்துக்கொள்ளவில்லை.
மூலையை விட்டுத்தர மாட்டேன் என்று
முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தது
மூன்று இரவு.
'ப' எளிது. தொட்டிதானே,
ஊதினேன், உப்பியது.
'ஞ'வுக்குத்தான் மூச்சு முட்டியது.
ஊத ஊத
உள்ளிருந்த சந்தெல்லாம் அடைத்துக்கொண்டு
கடைசியில் வடையாய் நின்றது,
ஓட்டையில்லாத வடை.

புங்கோலில் ஒரு பபிள் டீ கடைக்காக.
கேட்டவள் ஜொலின் ஊன்.
"நாலு மொழியும் வேணும், தமிழும்தான்.
ஆனா சிரிக்கிற மாதிரி."
எங்கள் மெய்யெழுத்துக்குத்
தலையிலேயே ஜவ்வரிசி உண்டு என்றேன்.
விளங்கவில்லை அவளுக்கு.
எழுதிக் காட்டினேன்.
ஃ வந்ததும் கைதட்டினாள்:
"மூணு முத்து! இதுக்குத் தனியா ஒரு வெள்ளி வாங்கலாம்."

ஐந்து மாதம் ஓடியது கடை.
இப்போது அங்கே காசு போட்டால் துணி துவைக்கும் இயந்திரங்கள்,
அவற்றுக்கும் வட்டக் கதவு.
எழுத்துரு மட்டும்
யாரோ யாருக்கோ அனுப்பி
எந்தக் கணினியிலோ குடியேறிவிட்டது.

நேற்று தெங்காவில்,
தோழியின் புதுவீட்டுக்கு மணி பிளான்ட்டோடு போகையில்
பேருந்து திரும்பும் இடத்தில்
தகரத் தடுப்பின் மேல் மஞ்சள் பலகை:
அபாயம். ஆழமான குழி.

என் எழுத்து.
கன்னம் உப்பிய 'அ'.
தொந்தி தள்ளிய 'கு'.
வாலைச் சுருட்டிக்கொண்டு 'ழி',
சாப்பிட்டுத் தூங்கும் பூனை.
'ம்'மின் உச்சியில் அதே முத்து,
இன்னும் இனிப்பாய்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்தேன்.
ஆறு மீட்டர் பள்ளத்துக்கு
இப்படியா பெயர் வைப்பது,
வா கண்ணு, வந்து குதி என்பதுபோல?

தடுப்பின் நிழலில் சோற்றுப் பொட்டலம் பிரித்திருந்தவரின்
தலைக்கவசத்தில் 'சகாயராஜ்' என்று ஒட்டியிருந்தது.
பலகையைக் காட்டிக் கேட்டேன்:
படிச்சா பயம் வருதா?
அண்ணாந்து பார்த்தார்.
"நல்லாத் தின்ன எழுத்துங்க.
குழியப் பாத்தா வரும் பயம்,
எழுத்தப் பாத்து எதுக்கு?"
ஒரு வாய் உருட்டினார். பிறகு:
"போன வாரம் வரைக்கும் இங்க
வெறும் கட்டம் கட்டமா இருந்துச்சு.
பதினொரு கட்டம், ஒரு கேள்விக்குறி.
அதான் தமிழுன்னாரு சூப்பர்வைசர்."

சிரித்தார். நானும்.
நான் செய்தது என்று சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் அவர் செடியைப் பார்த்து
"இதுக்குத் தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க" என்றார்.

இரவு கோப்பைத் திறந்தேன்.
'கு'வின் தொந்தியைக் கொஞ்சம் குறைத்தேன்.
பார்க்கச் சகிக்கவில்லை, பழையபடி விட்டேன்.
'ட'வுக்கு மட்டும்
அதன் மூலையைத் திருப்பிக் கொடுத்தேன்.

எங்காவது, யாராவது
'தொடாதே' என்று எழுத வேண்டி வரும்.