மட்டம்

டுலூத்தில் ஜனவரி பிறந்தால்
மரமும் தாகத்தில் சுருங்கும்.
ஹீட்டர் ஓயாத அறையில்
கிட்டாரின் கழுத்து
ஒரு முடியளவு கோணிவிட்டது.
ஏழாவது மெட்டில் விரல் வைத்தால்
ஸ்வரம் வருவதில்லை,
பாட்டிலுக்குள் அகப்பட்ட ஈ வருகிறது.

சரிசெய்ய இருநூற்றைம்பது டாலர் என்றான்
கடையிலிருந்த மீசைக்காரன்.
கிட்டாரே நூற்றுப்பத்துதான்,
அடகுக்கடையில், உறையோடு.

ஆகவே இர்மா லெப்பலா
தபாலில் வரவழைத்தாள்:
முழ நீளத்தில் அலுமினிய மட்டக்கட்டை,
அதன் அடியில் ஒட்ட உப்புத்தாள்,
உள்ளங்கைக்குள் அடங்கும் எஃகுத் தகடு,
வயிறு குழிந்த ஓர் அரம்.
அரத்துக்கு மட்டும் எழுபது.
பெட்டியைப் பிரித்ததும்
"நீ என்ன தங்கமா?" என்று
அதனிடமே கேட்டாள்.

இரவில் அவளுக்கு
செங்குத்துத் தெருக்களில்
பனி வாரும் லாரி ஓட்டுகிற வேலை.
இன்று விடுப்பு.
வானம் தெளிவு என்றது ரேடியோ.

சமையல் மேசையில் துண்டு விரித்து
கம்பிகளைக் கழற்றி
கழுத்தை நேராக்கினாள் முதலில்.
சாவியில் கால் சுற்று.
அதற்கும் குறைவு.
மெட்டுகளுக்கு நடுவே மரத்தில்
டேப் ஒட்டி முடிக்கவே ஒரு மணி நேரம்.
மூன்று மெட்டுகள்மேல் தகட்டை நிறுத்தினால்
நடுவில் உள்ளது நிமிர்ந்திருந்தால் தகடு ஆடும்.
ஆறு, ஏழு, எட்டு:
டக் டக்.
பதினொன்றிலும்.
பதினான்கு வாயே திறக்கவில்லை.

முதல் மூன்றில் பள்ளங்கள்.
முன்பு வைத்திருந்தவன் யாரோ
அங்கேயே குடியிருந்திருக்கிறான்.
மூன்றே கார்டு, வருஷக்கணக்காக.
ஐந்தைத் தாண்டிய உலோகமெல்லாம்
கடைப்புதுசு.
"சோம்பேறி" என்றாள்,
கொஞ்சம் பிரியமாகவே.

இருபது தலைக்கும் கறுப்பு மை பூசி
கட்டையை வைத்து இழுத்தாள்
முன்னும் பின்னும், அழுத்தாமல்.
அழுத்தினால் தோண்டும்.
அதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.
லாரியின் கத்தி தன் பாரத்தில் போக வேண்டும்,
ஓட்டுகிறவளின் கோபத்தில் போனால்
சாக்கடை மூடி பெயர்ந்து வரும்.
ஒருமுறை வந்தது.
அந்தக் கோபம் வேறு கதை.

ஏழின் மை முதலில் போயிற்று.
பிறகு எட்டு. பதினொன்று.
இரண்டாவதன் பள்ளத்தில் மட்டும்
நகர மாட்டேன் என்றது மை.
அப்போதுதான் உறைத்தது அவளுக்கு:
உயர்ந்ததன் தலையில் குட்டுவதல்ல வேலை.
ஆகத் தாழ்ந்தது எங்கே நிற்கிறதோ
அங்கே இறங்கி வர வேண்டும்
மீதிப் பத்தொன்பதும்.
முன்பின் தெரியாத ஒரு சோம்பேறி
குழித்துவிட்டுப் போன ஆழத்துக்கு
விரலே படாத பதினெட்டும்
கப்பம் கட்ட வேண்டும்.
இதென்ன நியாயம்?
கம்பி நியாயம் கேட்பதில்லை.

கீழ்வீட்டு ருடி ப்ரஸ்னிக்
துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்தார், மூன்று முறை.

பதினொன்றரைக்குப் போன்.
ஏரிப் பக்கமிருந்து பனி திரும்பிவிட்டதாம்.
பாதி மையோடு மேசையில் கிடந்தது கிட்டார்,
பாதி க்ஷவரத்தில் எழுந்து போனவன் போல.

ஆறு மணிக்கு வந்தாள்.
கையில் இன்னும் ஸ்டியரிங்கின் உதறல்.
உதறல் அடங்கும்வரை காபி.
பிறகு மிச்ச மை.
பிறகு அரம்:
தட்டையாகிப்போன ஒவ்வொரு தலையையும்
இருபுறமும் உருட்டி
உச்சியில் நூலளவு மையை மட்டும் விட்டுவைத்தாள்.
அந்த நூலைத் தொட்டால்
செய்ததெல்லாம் வீண்.
மூச்சு விட்டாளா என்று தெரியாது.
எஃகுக் கம்பளியால் மெருகேற்றி
காந்தத்தைக் காட்டினாள்.
கம்பளித்தூள் ஓடி வந்து ஒட்டிக்கொண்டது,
மெட்டுத்தூள் அசையவில்லை.
ஊதித் தள்ளினாள்.

புதுக் கம்பிகள்.
ஏழில் விரல் வைத்தாள்.
ஈ இல்லை.
எட்டில் இல்லை.
பதினொன்றில்
இருந்தது.

தகடு வைத்தாள், ஆடவில்லை.
கெட்ட வார்த்தை ஒன்று, ஃபின்னிஷில்,
அவளுக்குத் தெரிந்த ஒரே ஃபின்னிஷ்.
மறுபடி மீட்டிக் காதைச் சாய்த்தாள்.
ஈ கிட்டாரிலேயே இல்லை.
காலையில் வந்ததும் ஜன்னல் விளிம்பில் வைத்த
பிளாஸ்க் மூடி
அந்த ஒரு ஸ்வரத்துக்கு மட்டும்
நடுங்கிக்கொண்டிருந்தது.

எடுக்கக் கை நீட்டினாள்.
எடுக்கவில்லை.
இன்னொரு முறை அதே மெட்டு.
இன்னொரு முறை.
கீழே ருடி கூரையை இடித்தார்,
ஏறக்குறைய தாளத்தில்.