சாக்கு

லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
மணமேடையில் நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள்,
மேலே தொங்கிய காகிதப் பூவை அவிழ்க்க மறந்துவிட்டார்கள்.
எனக்கு வேலை மணி அடிப்பது.
மூன்று நிமிஷம் அடி, ஒரு நிமிஷம் மூச்சு.
கூலி எழுநூறு, கடிகாரம் என்னுடையது.

எட்டுச் சுற்றில் அது ஆறாவது.
நீலசந்திரா பிலவேந்திரன் விழவில்லை,
புருவம் கிழியவில்லை.
ஹரியானாக்காரனின் இடக்கை ஒன்று
விலாவில் இறங்கியது, அவ்வளவுதான்.
இரண்டு கையையும் தொங்கவிட்டான்.
நடுவரைப் பார்த்து, பால் அளப்பவரிடம் சொல்வதுபோல
"சாக்கு சார்" என்றான்.

ஒரு நிமிஷம் நாற்பத்தோரு நொடி.
குறித்துக்கொண்டேன்.

கன்னடத்தில் அது போதும்.
சாம்பாருக்குச் சொல்வது,
ஊஞ்சலில் இருந்து குழந்தை சொல்வது.
பின்வரிசையில் தமிழில் காது வைத்திருந்த ஒருவன்
எழுந்து கத்தினான்: "சாக்கு சொல்றான்டா!"
அப்புறம் மண்டபம் முழுக்க அதே சத்தம்.
நாற்காலியின் வெள்ளை உறைகளைக் கழற்றி வீசினார்கள்.
டிக்கெட் முன்னூறு ரூபாய்.
எனக்கும் கோபம்தான், மறைப்பானேன்.

டாக்டர் விலாவை அழுத்தினார்,
கண்ணில் விளக்கடித்தார். ஒன்றுமில்லை.
"ஒண்ணுமில்லேன்னா எதுக்குப் பணம்?"
போட்டி நடத்திய முனிவெங்கடப்பா கேட்டார்.
"பாதிப் பந்தியில கரண்டியப் போட்டுட்டு
சமையல்காரன் போவானா?"
அந்த மண்டபத்துக்குப் பொருத்தமான கேள்வி.

மணப்பெண் அறையில் கைக்கட்டை அவிழ்த்தபடி
பிலவேந்திரன் சொன்னான்:
"வலி இல்லண்ணா. வலின்னா தாங்கியிருப்பேன்.
அடுத்த அடி எனக்கு வேணாம்னு தோணிச்சு.
எனக்கே புதுசா இருந்துச்சு."

விரல் முறிந்தது என்றிருந்தால்
பாதிப் பணமாவது வந்திருக்கும்.
சாக்கு சாக்கு என்று கத்தினார்களே,
அவனிடம் இல்லாதது அது ஒன்றுதான்.

யாரிடமும் சொல்லாத கணக்கு ஒன்று எனக்கிருக்கிறது.
மூன்று வருஷம் முன்னால், ஹொசகோட்டே, சவரிராஜ்.
ஏழாவது சுற்றில்
கால் இரண்டும் ஆளுக்கொரு ஊருக்குக் கிளம்ப,
பல்காப்பு தரையில், கை மட்டும் மேலே.
"சிங்கம்டா!" என்று கூட்டம் எழுந்து தட்டியது.
அவன் போதும் என்று சொல்கிற ஆளில்லை,
மூலையில் நின்ற மாமன் துண்டை எறிகிற ஆளில்லை.
ஒன்பது நொடி முன்னாலேயே நான் மணியை அடித்தேன்.
எவனும் கவனிக்கவில்லை.

எட்டாவது சுற்றுக்கு மணி அடித்ததும் நான்தான்.

இப்போது பாணசவாடியில் தம்பி கடை வாசலில்
உட்கார்ந்திருக்கிறான்.
என்னைப் பார்த்தால் சிரிப்பான்,
தண்ணி லாரியைப் பார்த்தாலும்.

முனிவெங்கடப்பா காகிதத்தை நீட்டினார்.
காரணம் என்ற கட்டத்தில்
"காயமின்றி விலகினார்" என்று எழுதச் சொன்னார்.
பொய் ஒன்றும் இல்லை. காயமில்லை, விலகினான்.
அந்த இரண்டையும் அப்படிச் சேர்த்து எழுதினால்
பணம் அவர் பைக்குப் போகும், அவ்வளவுதான்.
பஸ் பலகை படித்துக் கற்ற கன்னடத்தில்
இரண்டே எழுத்து எழுதினேன்.
பக்கத்தில் நேரம். கீழே என் பெயர்.

"இது ஒரு காரணமா?"
"அவ்வளவுதான் சார் சொன்னான்."

பணம் கிடைத்ததா தெரியாது.
செவ்வாய்க்கிழமை ஜிம் பக்கம் போனேன், அவன் இல்லை.
கொக்கியில் பழந்துணி அடைத்த கோணிச் சாக்கு,
எத்தனை குத்தினாலும் ஒரு வார்த்தை பேசாதது.
முன்னூறு கொடுத்தவர்கள் பார்க்க வந்தது
இதைத்தான் போல.

குத்திக்கொண்டிருந்த பையன் திரும்பாமலே கேட்டான்:
"அண்ணா, டைம் சொல்றியா?"
கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.