மெதுவாகப் படி

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு
ருசே மருத்துவமனையின் கண்ணாடித் தடுப்புக்குக் கீழே
லியூபெனின் நுரையீரலைக்
காகித உறையில் போட்டு நீட்டினார்கள்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
டாக்டர் திங்கட்கிழமைதான்.

நான் டிராலிபஸ் பணிமனையில் மின்பழுது பார்ப்பவள்.
மூன்று நாள் சும்மா இருக்க
என் கைக்குத் தெரியாது.

சமையலறை மேசையில் பழைய மடிக்கணினி.
பணிமனை எழுத்தர் லினக்ஸ் போட்டு
"இதுக்கு வைரஸே வராது" என்று விற்றது.
வட்டைப் போட்டேன்.
முனகியது. மூச்சுப் பிடித்தது. மறுபடி முனகியது.
நாலாம் தடவை ஓய்ந்துபோய்
திரையில் ஒரு வரி:
வட்டு எதுவும் இல்லை.

இல்லையாம்.
என் கையால் உள்ளே வைத்துவிட்டு
எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

கர்னலின் குறிப்பேட்டைத் திறந்தேன்.
எஸ்ஆர் பூஜ்யம், படிப்பதில் பிழை
எஸ்ஆர் பூஜ்யம், படிப்பதில் பிழை
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம்,
நொடிக்குப் பின் ஆறு தசமம் வரை.
இவன் இருமலுக்கு இப்படி எவரும் எழுதி வைக்கவில்லை.
பிப்ரவரியில் வந்தது என்கிறான்.
நவம்பர் என்கிறேன் நான்.

கடையில் வாங்கிய அக்கார்டியன் வட்டு ஒன்று கிடந்தது.
போட்டதும் பாடியது.
அச்சடித்ததைப் படிக்கிறது,
எரித்ததைப் படிக்கவில்லை.
அப்படியானால் லேசருக்கு வயதாகிவிட்டது,
அல்லது கண்ணில் அழுக்கு.

தட்டு திறக்க மறுத்தது.
கொண்டை ஊசியை நிமிர்த்தி
சின்னத் துளையில் குத்தினேன்.
"ஆ காட்டு" என்றதும் வரும் நாக்கு மாதிரி
மெல்ல நீண்டது.
உள்ளே கடுகளவு கண்ணாடி.

"ரக்கியா ஊத்தித் துடையேன்" என்றான் படுக்கையிலிருந்து.
"அதில சர்க்கரை இருக்கும். தூங்கு."
பணிமனையில் கரி துடைக்கும் ஆல்கஹால்,
காது குடையும் பஞ்சு,
ஒரே சுற்று.

அப்படியும் பிழை.

மழை நாளில் ஓட்டுநர்களிடம் கத்துவேன்:
திருப்பத்தில் மெதுவா போ,
கழி கம்பியை விட்டுத் தாவிடும்.
யாருக்கோ சொன்னது
பதினோரு மணிக்கு எனக்கே உறைத்தது.
ஒரு கட்டளை அடித்து
சுழலும் வேகத்தை நாலுக்கு இறக்கினேன்.
வேறொரு நிரல் துண்டு துண்டாக நகலெடுத்தது.
படியாத துண்டுகளிடம்
திரும்பத் திரும்பப் போய் நின்றது,
கடன் கேட்கப் போனவன் வாசலில் நிற்கிற மாதிரி.
நானூற்றுப் பன்னிரண்டு.
தொண்ணூறு.
ஏழு.
அந்த ஏழு கடைசிவரை மசியவில்லை.
பரவாயில்லை.

கோப்புறை திறந்துகொண்டபோது மணி இரண்டு.
அறுநூற்றுப் பதினான்கு படங்கள்.
பெயர் கிடையாது, எண்கள் மட்டும்.
முதல் எண்ணின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன்.
விரல் அழுத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.
பிறகு குரல்:
"கிடைச்சுதா?"

"இன்னும் ஓடுது" என்றேன்.

வட்டு நின்று
வெகுநேரம் ஆகியிருந்தது.
அது ஓடாத சத்தம்
அவனுக்கும் கேட்டிருக்கும்.