ஒன்றுக்குப் பத்தொன்பது

செத்தவற்றை எண்ணி முடித்தபோது
ஷட்டருக்கு வெளியே மார்த்தாண்டம் விழித்திருந்தது.
கப்பி நூற்றுப் பதினெட்டு. ஏஞ்சல் ஒன்பது.
எல்லாரும் விலை கேட்டு யாரும் வாங்காத
அந்த வயசன் ஆஸ்கரும்.

ஏழு தொட்டிக்கும் ஒரே வலை.
வாயில் பஞ்சு பூத்த ஒன்றைக் கோரி எடுத்து
உதறி
அடுத்த தொட்டிக்குள் விட்ட கை என்னுடையது.
அபினேஷை ஏசியது அநியாயம்.

முதலில் பிளக்கைப் பிடுங்கினோம்.
ஹீட்டர் தண்ணீருக்குள்ளேயே ஆறட்டும், அரைமணி நேரம்.
சூட்டோடு தூக்கினால் கண்ணாடி விரியும்.
மண்டைக்காட்டுக் கொடையன்று அப்படி ஒன்று போனது,
எழுநூறு ரூபாய்.

ஸ்பாஞ்சைக் கழுவாதே, தூரப் போடு. காற்றுக்கல்லையும்.
துளைக்குள் போனது துளைக்குள்தான் இருக்கும்.
சோப்பு மட்டும் வேண்டாம் மக்கா,
ரப்பர் குழாய் சோப்பை மறக்காது.

பிறகு பிளீச். வாசனை சேர்க்காதது.
ஒரு டம்ளருக்குப் பத்தொன்பது டம்ளர் தண்ணீர்.
அபினேஷ் எண்ணுகிறான்.
பதிமூன்றில் ஒரு களியக்காவிளை பஸ் ஹாரன் அடிக்க
தண்ணீரை மட்டும் கொட்டி
மறுபடி ஒன்றிலிருந்து.

சுண்ணாம்புக் கறைக்கு வாங்கிய வினிகர்
மேல்தட்டில் இருக்கட்டும்.
அது நாளைக்கு, வேறு வாளியில்.
இரண்டும் சேர்ந்தால் எழும்புகிற புகை
ஆள் பார்க்காது.

கையுறை முழங்கைவரை. ஷட்டர் முழுக்க மேலே.
கால்மணி நேரம் ஊற வேண்டும்.
எதிர்க்கடையில் டீ சொன்னேன்.
டீயிலும்
பஞ்சாயத்துக்காரர் கிணற்றுக்குப் பொடி போட்ட நாளின் ருசி.

மூன்று தரம் அலசி
குளோரினை முறிக்கிற மருந்துத் தண்ணீரில் முக்கி
வாளியில் மிஞ்சியதையும் அதே மருந்தால் முறித்துவிட்டுத்தான்
ஓடையில் ஊற்றினேன்.
பார்த்தால் சாக்கடை.
போய்ச் சேருகிற இடம் ஆறு.

மேம்பாலம் வந்த நாள்முதல் என் கடைக்கு வெயில் கிடையாது.
ஐப்பசி வேறு.
வலையையும் குழாயையும் வீட்டுக்குக் கொண்டுபோய்
ரப்பர் ஷீட் காயும் கம்பியில் தொங்கவிட்டேன்.
மூன்று நாள், மழைக்கு இடையிடையே.
மூக்கில் வைத்துப் பார்த்து
ஒன்றும் மணக்காதபோது எடுத்தேன்.

ஏழு தொட்டி.
கண்ணாடி இல்லாததுபோலக் கண்ணாடி.
மோட்டாரைப் போட்டால் குமிழி மட்டும் வருகிறது.
இதில் இப்போது ஒரு மீனை விட்டால்
தன் மூத்திரத்திலேயே வெந்து சாகும்.
கெட்டதைக் கொன்ற கையோடு
அழுக்கைத் தின்று தொட்டியைக் காத்ததையும்
கொன்றாயிற்று.
தானாக முளைக்க ஒரு மாசம் ஆகும்.
அல்லது, ஓடுகிற தொட்டி ஒன்றிலிருந்து
யாராவது தரவேண்டும்
பழுப்பேறிய ஸ்பாஞ்சு, ஒரு துண்டு.

குழித்துறையில் பிரைட்சிங் கடை.
என் மீனால்தான் அவன் தொட்டி போனதென்று
இரண்டு வருஷம் முந்திச் சொன்னான்.
சர்ச் வாசலில் வைத்து நான் போட்ட சத்தத்தில்
பாட்டு கோஷ்டி நின்றுவிட்டது.
அன்றைக்கும் என் கடையில்
ஒரே வலைதான்.

மூடிபோட்ட பாட்டிலோடு போய் நின்றேன்.
அவன் என்னைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தான்.
“முழங்கைவரைக்கும் கழுவிட்டு உள்ள வாங்க” என்றான்.
கழுவினேன். மறுபடி கழுவச் சொன்னான்.
அதையும் கழுவினேன்.
பின்கட்டில் ஒரு தொட்டி, நியான்கள் கூட்டமாகத் திரும்பின.
ஸ்பாஞ்சைப் பாதியாக வெட்டி
அதன் தண்ணீரோடேயே பாட்டிலில் இட்டான்.

எவ்வளவு என்று கேட்டேன்.
“அழுக்குக்கு ஆரு வில வாங்குவா.”

பஸ்ஸில் மடியில் வைத்துத் திறந்து முகர்ந்தேன்.
மழை நின்ற வாழைத்தோட்டம் மாதிரி இருந்தது.
பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

வாசலருகே சின்னத் தொட்டியில்தான் முதலில் போட்டேன்,
மற்ற ஆறிலும் போடவில்லை.
அவன் நல்லவன்தான். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாது.
அபினேஷ் அந்தத் தொட்டிக்கென்று
ஒரு வலைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றுகிறான்.